குழந்தைகளின் மின்சார ட்ரயல்ஸ் பைக்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் ஞாயிறு காலையில் ஏதாவதொரு கிளப்பின் ட்ரயல்ஸ் போட்டிக்குப் போனால், வயலோரத்தில் நிறுத்திய வேன்களுக்குப் பின்னால் குட்டிக் குட்டி மின்சார பைக்குகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்கும் அப்பாக்களைப் பார்க்கலாம். அம்மாக்களும் உண்டு; அவர்கள் பெரும்பாலும் வேலையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஓசெட் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பின் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மற்ற தயாரிப்புகளுக்கும் அடிப்படை இதேதான்.

ட்ரயல்ஸ் என்றால் என்ன? மோட்டோகிராஸிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மோட்டோகிராஸைப் போல இது வேகப் பந்தயம் அல்ல. பாறை, ஓடை, சேற்று மேடு, மரவேர் நிறைந்த ஒரு குறுகிய பாதையைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, பாதையை விட்டு வெளியேறினால் 5. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். பெரும்பாலான நேரம் வண்டி நடை வேகத்தில்தான் போகும், ஓட்டுபவர் நின்றுகொண்டேதான் ஓட்டுவார். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே பிறக்கின்றன.

ஓசெட், ட்ரையம்ஃப் இரண்டும் ஒன்றா?

ஓசெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை இயன் ஸ்மித் 2004-இல் தொடங்கினார். தன் சிறு மகனுக்காக ஒரு மின்சார பைக்கைச் செய்யப்போய் அது தொழிலாகிவிட்டது. 2022-இல் ட்ரையம்ஃப் அதை வாங்கியது. 2024 முதல் அந்த வரிசை ட்ரையம்ஃப் டிஎக்ஸ்பி என்ற பெயரில் வருகிறது. பழைய ஓசெட் வண்டிகள் 12.5, 16, 20, 24 என்ற எண்களைத் தாங்கியிருக்கும். எண் ஏற எல்லாம் ஏறும்: சக்கரம், உயரம், எடை, மின்னழுத்தம். மாதிரியையும் ஆண்டையும் பொறுத்து 24, 36 அல்லது 48 வோல்ட் இருக்கும். உதிரிபாகம் வாங்கும் முன் பேட்டரியிலும் கன்ட்ரோலரிலும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிடுங்கள். விற்றவர் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம்.

வண்டி வாங்கிவிட்டோம். முதலில் எதை மாற்ற வேண்டும்?

செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் பணப்பையைத் திறக்கலாம். குழந்தையை வண்டியில் ஏற்றி, கால்மிதியில் நிற்க வைத்து, பக்கத்திலிருந்து பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கி, முதுகு வில்லாக வளையாமல், பார்வை முன்னால் இருக்கிறதா? ஹேண்டில்பாரைப் பிடிக்க அவன் எக்கிக்கொண்டு நின்றால் பாரைப் பின்பக்கமாகச் சற்றுச் சுழற்றுங்கள். பிரேக் லீவரை ஒற்றை விரலால், மணிக்கட்டை மடக்காமல் இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். லீவரில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருகினால் லீவர் கைப்பிடிக்கு அருகே வரும். ஐந்து வயதுக் குழந்தையின் விரல் நீளத்துக்குத் தொழிற்சாலை அமைப்பு பெரும்பாலும் எட்டாது. லீவரை இறுக்கும் கிளாம்பைப் பாரின் உள்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் விரல் லீவரின் நுனியில் விழும், குறைந்த விசை போதும்.

அடுத்து கைப்பிடி உறை. தடித்த உறையைச் சிறு கை பிடித்துக்கொண்டே இருந்தால் முன்கை சீக்கிரம் இறுகிப்போகும். மெல்லிய உறை சில பவுண்டுகள்தான். கொடுக்கும் காசுக்கு இதைப்போலப் பலன் தரும் மாற்றம் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் கடையில் யாரும் இதைப் பரிந்துரைப்பதில்லை, லாபம் அப்படி.

வண்டியில் மூன்று டயல்கள் இருக்கின்றன. அவற்றை எப்படி அமைப்பது?

ஒன்று உச்ச வேகம், இன்னொன்று இழுவை (சக்கரத்தைச் சுழற்றும் பலம்), மூன்றாவது ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி எவ்வளவு சட்டென்று பதில் தர வேண்டும் என்பது. ஆரம்பத்தில் மூன்றையுமே குறைத்து வைப்பார்கள், அது சரி. ஆனால் குழந்தை தேறத் தேற எல்லாரும் முதலில் வேகத்தை ஏற்றுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இழுவையை முதலில் ஏற்றுங்கள். மேட்டில் வண்டி திணறாது. வேகத்தைக் கடைசியில் ஏற்றினால் போதும், அதையும் குழந்தை கேட்டால் மட்டும். மூன்றாவது டயலை ஈரத் தரைக்கும் காய்ந்த தரைக்கும் தனித்தனியாக மாற்றிப் பார்ப்பது நல்லது. ஈரப் பாறையில் பதில் மெதுவாக இருந்தால்தான் டயர் சுழன்று வழுக்காது.

பலர் "வண்டிக்குச் சக்தி போதவில்லை" என்று வந்து நிற்பது, முந்தைய உரிமையாளர் பாதியில் விட்டுப்போன டயலோடுதான்.

36 வோல்ட் வண்டியை 48 வோல்ட்டாக மாற்றலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இணையத்தில் இதற்கு ஆயிரம் காணொளிகளும் இருக்கும். என் பதில்: முடியும், ஆனால் ட்ரயல்ஸுக்கு அது தேவையில்லாத திசை.

காரணத்தைப் பாருங்கள். கார்பன் பிரஷ் உள்ள டிசி மோட்டாரின் சுழல்வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. 36-இலிருந்து 48-க்குப் போனால் உச்ச வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். இழுவையோ மின்னோட்டத்தைப் பொறுத்தது, அதைக் கன்ட்ரோலர் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே கன்ட்ரோலரின் ஆம்பியர் வரம்பு மாறாதவரை, நடை வேகத்தில் பாறை ஏறும்போது உங்களுக்குப் புதிதாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. புல்வெளியில் நேராக ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும். அங்கேயோ, வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. அதை நிறுத்த வேண்டியது அதே சிறிய பிரேக்கும் அதே சிறிய விரலும்தான்.

இனி மின்பாகங்கள். "48 வோல்ட்" லித்தியம் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனதும் 48-இல் நிற்காது. 13 செல்கள் தொடராக உள்ள வழக்கமான லித்தியம் அயன் தொகுப்பு 54.6 வோல்ட் வரை போகும். 16 செல்கள் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்பு 58.4 வரை போகும். 36 வோல்ட்டுக்கென்று செய்த கன்ட்ரோலருக்குள் இருக்கும் மின்தேக்கிகளின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் எண் 50 ஆக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. 63 என்றிருந்தாலும் விளிம்பில்தான் நிற்கிறீர்கள். கன்ட்ரோலரில் ஒரு டிரான்சிஸ்டர் குறுக்குச்சுற்றாகிப் பழுதானால், மோட்டாருக்கு முழு மின்சாரமும் நேராகப் போய்விடலாம். அதாவது குழந்தை ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வண்டி ஓடும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

அப்படியும் செய்தே தீருவேன் என்பவர்கள் கன்ட்ரோலர், சார்ஜர், ஃபியூஸ், பிரேக் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அடுத்த அளவு வண்டியைப் பழையதாக வாங்கும் விலை வந்து நிற்கும்.

அப்படியானால் மேடு ஏற எதை மாற்றுவது?

ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை. மோட்டாரில் 11 பற்கள், பின்சக்கரத்தில் 66 பற்கள் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 6. முன் ஸ்ப்ராக்கெட்டை 10 பற்களாக்கினால் விகிதம் 6.6 ஆகும். இழுவை 10 சதவீதம் கூடுகிறது, உச்ச வேகம் 9 சதவீதம் குறைகிறது, மோட்டாரும் அதே மேட்டில் குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்வதால் சூடு குறைகிறது. பாகத்தின் விலை மலிவு. மூன்று நன்மை, இழப்பு என்று பார்த்தால் ட்ரயல்ஸில் யாருக்கும் தேவைப்படாத வேகம் மட்டும்.

முன் ஸ்ப்ராக்கெட்டை மிகவும் சிறிதாக்காதீர்கள். பற்கள் குறையக் குறைய செயின் கூர்மையாக வளைகிறது, சத்தம் கூடுகிறது, செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சீக்கிரம் தேய்கின்றன. ஒரு பல்லுக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் பின்னாலுள்ள ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்குவது மேல். அது பாறையில் இடிபடாத உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் செயின் அளவு வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது. பழைய செயினின் தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதே அளவு ஸ்ப்ராக்கெட்டை வாங்குங்கள்.

மாற்றியதும் செயின் தளர்வைச் சரிபார்க்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது செயின் சரியாகத் தெரியும். ஆனால் பின் ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது செயின் இறுகும். ஷாக்கின் கீழ் போல்டைக் கழற்றி, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக உயர்த்துங்கள். மோட்டார் ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் கை சட்டகத்தோடு இணையும் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தில் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்த இடத்திலும் விரலால் அழுத்தினால் கொஞ்சம் அசைய வேண்டும். அசையாவிட்டால் மோட்டார் தண்டின் பேரிங்தான் விலை கொடுக்கும்.

செயின் காப்புத் தகடு சேற்றில் அடைத்துக்கொள்கிறது. கழற்றிவிடலாமா?

கூடாது. குழந்தை விழுந்ததும் முதலில் கை நீட்டுவது வண்டியைத் தூக்கத்தான், மோட்டாரோ சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கலாம். சேற்றைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

லெட் ஆசிட் பேட்டரியை லித்தியமாக மாற்றுவது பலன் தருமா?

தரும். பணம் செலவழிப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். அதற்கும் காரணம் வேகம் அல்ல, எடை.

12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 4 கிலோ. 36 வோல்ட்டுக்கு மூன்று வேண்டும்: 12 கிலோ. ஓட்டும் குழந்தையின் எடை 25 கிலோ இருக்கலாம். தன் எடையில் பாதியைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு முன்சக்கரத்தைத் தூக்கு என்று நாம் சொல்கிறோம். அதே வேலைக்குப் போதுமான லித்தியம் தொகுப்பு மூன்று, நான்கு கிலோவில் முடிந்துவிடும்.

கொள்ளளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரியில் எழுதியிருக்கும் 12 ஆம்பியர்-மணி, வழக்கமாக 20 மணிநேரத்தில் மெதுவாக எடுக்கும் கணக்கு, அதாவது 0.6 ஆம்பியர் வீதம். மேடு ஏறும் வண்டி 20, 30 ஆம்பியரை இழுக்கிறது. அந்த வேகத்தில் எழுதியதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தால் அதிர்ஷ்டம். லித்தியம் இந்த விஷயத்தில் சொன்ன சொல் தவறாது. எனவே 12-க்குப் பதில் 12 வாங்க வேண்டியதில்லை. ஒரு சின்னக் குழந்தையின் மதிய நேர ஓட்டத்துக்கு 10 தாராளம்.

வாங்கும்போது செல்லின் தரத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது பி.எம்.எஸ். எனப்படும் காப்புச் சுற்று. கன்ட்ரோலரின் வரம்பு 40 ஆம்பியர் என்றால் பி.எம்.எஸ். தொடர்ந்து தாங்கும் அளவு 50 ஆகவாவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சரியாக எந்த நொடியில் அது மின்சாரத்தைத் துண்டிக்கும் தெரியுமா? குழந்தை பாறையின் உச்சியில், முன்சக்கரம் காற்றில் இருக்கும்போது. அதிக மின்னோட்டம் போவது அப்போதுதானே.

செல் வகையில் எனக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பிடிக்கும். எடை கொஞ்சம் கூடுதல், ஆனால் சூட்டுக்குச் சட்டென்று மிரளாத வேதியியல். விழுவதற்கென்றே பிறந்த வண்டியில் அது பெரிய விஷயம். வீட்டில் தானே செல்களைக் கோத்துப் பேட்டரி கட்டும் ஆசை இருப்பவர்கள் அதைத் தங்கள் வண்டியில் பரீட்சித்துக்கொள்ளட்டும்.

பழைய பெட்டியில் சிறிய பேட்டரியை வைத்தால் இடம் மிஞ்சும். மிஞ்சிய இடத்தைக் கெட்டியான ஃபோம் வைத்து அடைத்து, பட்டையால் இறுக்குங்கள். பேட்டரி பெட்டிக்குள் ஆடினால் வண்டி குதிக்கும் ஒவ்வொரு தடவையும் வயர்களின் சாலிடர் மூட்டு அடி வாங்கும். கீழ்ப்பக்கம், நடுவில் உட்காரும்படி வையுங்கள்.

பழைய சார்ஜரையே பயன்படுத்தலாமா?

லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 36 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் 43, 44 வோல்ட் வரை தள்ளும். 10 செல் லித்தியம் அயன் தொகுப்பின் உச்சமோ 42. பி.எம்.எஸ். தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கடைசிக் காவல். தினமும் அதன் கழுத்தில் வேலையைக் கட்டுவது சரியல்ல. 12 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 43.8 வோல்ட் சார்ஜர் வேண்டும். எண் ஒத்துப்போவதுபோல் தோன்றினாலும் லெட் ஆசிட் சார்ஜர் முடிவில் நடந்துகொள்ளும் விதம் வேறு, ஆகவே அதற்கும் தனி சார்ஜரே.

லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பிரிட்டன் குளிர்காலத்துக் கராஜிலிருந்து பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அது அறைச் சூட்டுக்கு வந்தபிறகு சார்ஜரைப் போடுங்கள். வாசலை மறிக்கும் நடைபாதையிலும் எல்லாரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் லித்தியத்தைப் பாதி சார்ஜில் வையுங்கள். லெட் ஆசிட்டை முழுச் சார்ஜில் வையுங்கள், காலியாக விட்டால் உள்தகடுகளில் சல்பேட் படிந்து செத்துவிடும்.

கன்ட்ரோலரின் ஆம்பியர் வரம்பை உயர்த்தலாமா?

கொஞ்சம் உயர்த்தலாம், கணக்கு தெரிந்து உயர்த்துங்கள். மோட்டாருக்குள் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 30-ஐ 36 ஆக்கினால் இழுவை 20 சதவீதம் கூடும், சூடு 44 சதவீதம் கூடும். ட்ரயல்ஸ் வண்டி மெதுவாகப் போவதால் மோட்டாருக்குக் காற்றும் கிடைக்காது. மூன்று மேடு ஏறியதும் மோட்டார் உடலில் கையை வைத்துப் பாருங்கள். இரண்டு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அது ஏற்கனவே தன் எல்லையில் இருக்கிறது. வரம்பை உயர்த்துவதை விட்டுவிட்டு ஸ்ப்ராக்கெட் பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வு அல்ல. ஃபியூஸ் வயரைக் காக்க இருக்கிறது. அது ஏன் போகிறது என்று பாருங்கள்: சிக்கும் பிரேக், இறுகிய செயின், உரிந்த வயர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

மோட்டாரிலிருந்து கருகல் வாசனை வருகிறது.

உடனே நிறுத்துங்கள். ஆறியதும் மூடியைக் கழற்றி கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். உள்ளே கறுப்புத் தூள் படிந்திருப்பது இயல்பு. பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி, முகமூடி போட்டுக்கொண்டு வெளியே ஊதிவிடலாம். பிரஷ் குட்டையாகி அதன் ஸ்பிரிங் அழுத்தம் இழந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். பிரஷ் உரசும் செப்பு வளையம் பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் நலம். கறுத்து, பள்ளம் விழுந்திருந்தால் புது பிரஷ் போட்டும் பயனில்லை.

ஆக்சிலேட்டர் திடீரென்று எகிறுகிறது. எப்படிச் சோதிப்பது?

இந்தக் கைப்பிடிக்குள் இருப்பது கேபிள் அல்ல, காந்தத்தின் அசைவை உணரும் ஒரு ஹால் சென்சார். மூன்று வயர்: 5 வோல்ட், தரை (நெகட்டிவ்), சமிக்ஞை. பின்சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியைப் பெட்டிமேல் ஏற்றுங்கள். செயினைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரை வயரிலும் சிவப்பு முனையைச் சமிக்ஞை வயரிலும் வைத்து, கைப்பிடியை மிக மெதுவாகத் திருகுங்கள். சும்மா இருக்கும்போது 1 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே, முழுதாகத் திருகினால் 3.5 முதல் 4 வரை. முக்கியம் அந்த எண்கள் அல்ல, நடுவில் நடப்பது. படிப்படியாக ஏற வேண்டும். 1.4-இலிருந்து 2.1-க்கு ஒரே தாவலாகத் தாவினால் சென்சாரோ அதன் காந்தமோ போய்விட்டது. திருகியதை விட்டதும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். கைப்பிடி உறை பாரின் முனையில் உரசினால் சில சமயம் திரும்பாது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தரை வயர் மட்டும் அறுந்தால் சமிக்ஞை 5 வோல்ட்டை நோக்கி எகிறும். நல்ல கன்ட்ரோலர் அதைப் பழுது என்று கண்டு நிறுத்திவிடும். மலிவானது அதை "முழு வேகம்" என்று படிக்கும். கன்ட்ரோலரை மாற்றுபவர்கள், சக்கரம் காற்றில் இருக்கும்போது தரை வயரைக் கழற்றி இதை வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும்.

குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் காந்தக் கயிறு, அதாவது விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாவி, எந்தச் சூழ்நிலையிலும் மாற்றத்துக்கோ நீக்கத்துக்கோ உரியது அல்ல. ஒவ்வொரு நாளும் ஓட்டத் தொடங்கும் முன் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

பிரேக்கை ஹைட்ராலிக்காக மாற்றினால் என்ன?

வண்டியில் கேபிள் பிரேக் இருந்தால், லித்தியத்துக்கு அடுத்தபடியாக நான் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான். சிறு விரலின் விசைக்கு ஹைட்ராலிக் அருமையாக வேலை செய்யும். மிதிவண்டிக்கு வரும் தொகுப்புகளே பல மாதிரிகளில் பொருந்தும், டிஸ்க்கின் விட்டத்தையும் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) தாங்கியின் துளை இடைவெளியையும் அளந்துவிட்டு வாங்குங்கள். மினரல் ஆயில் பயன்படுத்தும் பிரேக்கில் டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும்; மாற்றி ஊற்றினாலும் கேடுதான். புது பேட் போட்டதும், நீங்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி இருபது, முப்பது முறை பிடித்துப் பழக்கிவிட்டுக் குழந்தையிடம் கொடுங்கள்.

ஷாக் அப்சார்பர் கல்லாக இருக்கிறது.

பெரும்பாலும் ஸ்பிரிங் உங்கள் குழந்தையைவிடக் கனமான குழந்தைக்கானது. முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, குழந்தையைக் கால்மிதியில் நிற்க வையுங்கள். உட்கார வைத்து அளப்பவர்கள் உண்டு, ட்ரயல்ஸில் யார் உட்கார்கிறார்கள்? மொத்த அசைவு 100 மில்லிமீட்டர் என்றால் நின்றதும் 25 முதல் 30 வரை அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைத் தளர்த்துங்கள், அதுவும் போதாவிட்டால் மெல்லிய ஸ்பிரிங். குழந்தை வளர்கிறவன் என்பதால் பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்.

டயர் காற்றழுத்தம்?

பெரியவர்களின் ட்ரயல்ஸ் வண்டியில் பின் டயர் 4, 5 பி.எஸ்.ஐ. அளவில்தான் இருக்கும். அந்த எண்ணை அப்படியே குழந்தையின் டியூப் டயருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். 10-இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்து, கல்லின் மேல் ஏறும்போது டயர் நசுங்கி கல்லைக் கவ்வுகிறதா, ரிம் கல்லில் இடிக்கிறதா என்று பாருங்கள். வால்வு ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் டயர் ரிம்மில் வழுக்குகிறது என்று பொருள், டியூப் கிழியும் முன் காற்றைக் கூட்டிவிடுங்கள்.

பெரியவர்களின் வண்டிபோல் கிளட்ச் வைக்க முடியுமா?

எலெக்ட்ரிக் மோஷன் என்ற பிரெஞ்சு நிறுவனம் பெரியவர்களுக்கான தன் மின்சார ட்ரயல்ஸ் பைக்கில் உண்மையான கிளட்ச்சே வைத்திருக்கிறது. குழந்தைகளின் சிறு வண்டியில் அதற்கு இடமில்லை, இடது லீவரும் பின் பிரேக்குக்குப் போய்விடுகிறது. ஆக்சிலேட்டர் சமிக்ஞையைக் குறைக்கும் மின்னணு லீவரைச் சிலர் சேர்க்கிறார்கள். வேலைப்பாடு அழகுதான். ஆனால் ஆறு வயதில் மூன்று லீவர்களைக் கற்பது எதற்கு? வலது கையின் மெல்லிய அசைவைப் பழகுவதற்குத்தான் மின்சார வண்டியே நல்ல பள்ளி. கிளட்ச் பின்னால் வரும்.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமா?

அழுத்த நீரை மோட்டார், கன்ட்ரோலர், பேரிங் பக்கம் காட்டாதீர்கள். வாளி, ஸ்பாஞ்சு, பிரஷ் போதும். கனெக்டர்களில் மின்கடத்தாக் கிரீஸ் தடவுங்கள். கன்ட்ரோலர் பெட்டியின் அடியில் நீர் வடியும் துளை இருந்தால் அதை சிலிக்கான் பூசி அடைக்க வேண்டாம்: உள்ளே போகும் நீரை நீங்கள் முழுதாகத் தடுக்கவே முடியாது, வெளியேறும் வழியையாவது விட்டுவையுங்கள்.

ஸ்டிக்கர், நிறம்?

இது முழுக்க முழுக்கக் குழந்தையின் துறை. உங்கள் ரசனையை உள்ளே நுழைக்காதீர்கள். பழைய ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி ஒரு மூலையிலிருந்து உரித்து, பசையைத் துடைத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரைத் தெளித்துவிட்டுப் புதியதை ஒட்டினால் இடம் தவறினாலும் நகர்த்தலாம். நடுவிலிருந்து விளிம்புக்குத் தேய்த்து நீரை வெளியேற்றுங்கள். டைனோசர் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தால் அப்படியே விடுங்கள். சட்டகத்தில் பெயின்ட் அடிப்பதானால் விரிசல் வரும் வெல்டிங் இடங்களில் தடிமனாகப் பூச வேண்டாம், விரிசல் தெரியாமல் மறைந்துவிடும்.

பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

லெட் ஆசிட் என்றால் ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முழுச் சார்ஜில், ஓய்வில் 12.7 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அது எல்லாப் பேட்டரியும் சொல்லும் பொய். குழந்தையை ஏற்றி மேட்டில் ஓட்டிவிட்டு வந்ததும் மறுபடி அளந்தால் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கீழே நிற்கும். தொகுப்பின் பலம் அந்த ஒன்றின் பலம்தான். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். பிறகு கன்ட்ரோலர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய மூட்டுகள் நிறைய இருந்தால், யாரோ வோல்ட்டேஜைக் கூட்டிப் பார்த்து, பழைய நிலைக்கு மாற்றி விற்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

மாற்றிய வண்டியைப் போட்டியில் ஓட்டலாமா? தெருவில்?

போட்டி வகுப்புகள் வயதையும் வண்டியின் அளவையும் வைத்துப் பிரிக்கப்படுகின்றன, ஆகவே பெரிய மாற்றத்துக்கு முன் கிளப்பின் விதிகளைக் கேட்டுவிடுங்கள். புது வண்டியாக இருந்தால் உத்தரவாதமும் போய்விடலாம். தெருவிலும் பூங்காவிலும் கூடாது. பிரிட்டனில் நிலத்தின் உரிமையாளர் அனுமதித்த தனியார் இடத்தில் மட்டும்தான் ஓட்ட முடியும். பொறுப்பின்றி ஓட்டித் தொந்தரவு செய்தால் வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை 2002-ஆம் ஆண்டின் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் காவல்துறைக்குத் தருகிறது. குழந்தையின் வண்டி என்பது விலக்கு அல்ல.

குழந்தை வளர்ந்துவிட்டான். வண்டியை மேம்படுத்துவதா, மாற்றுவதா?

நின்று ஓட்டும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தால் மாற்றுங்கள். எந்தப் பேட்டரியும் சட்டகத்தை நீளமாக்காது. இடிக்கவில்லை, மேட்டில் மட்டும் திணறுகிறது என்றால் ஸ்ப்ராக்கெட், ஸ்பிரிங் இரண்டும் இன்னொரு வருடத்தைத் தரும். விற்கும் நாளில் நீங்கள் கழற்றிவைத்த பழைய பாகங்களையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வீட்டுக் குழந்தை இன்னும் சிறியதாக இருக்கும். செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் நகராட்சியின் மறுசுழற்சி மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். லித்தியம் என்றால் முனைகளில் டேப் ஒட்டிவிட்டு.